இன்டர்வியூ முடிந்தது, பதில் வரவில்லை: வேலை தேடுகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வேலை தேடி 11 மாதம் அலைந்திருக்கிறேன். அதற்கப்புறம் ஆறு வருடம் ஆள் எடுக்கும் குழுவில் இருந்தேன். மேசையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்தவள் என்பதால் தெரிந்தவர்களும், தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்களும் இதைப் பற்றி என்னிடம் கேட்பார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். கேட்கும் குரலில் இருக்கும் சோர்வும் ஒன்றேதான். அதனால் என் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

இன்டர்வியூ நன்றாகத்தான் போனது. மூன்று வாரமாகச் சத்தமே இல்லை. ரிஜெக்ட் செய்துவிட்டார்கள் என்று எடுத்துக்கொள்ளலாமா?

இப்போதே அந்த முடிவுக்கு வர வேண்டாம். கையெழுத்துப் போட வேண்டியவர் விடுப்பில் இருக்கலாம். அந்த இடத்துக்கு ஒதுக்கிய பணத்தை மேலே யாரோ நிறுத்தி வைத்திருக்கலாம். நான் அடிக்கடி பார்த்தது இது: முதலில் தேர்ந்தெடுத்தவருக்கு ஆஃபர் போயிருக்கும், அவர் யோசித்துக்கொண்டிருப்பார், நீங்கள் இரண்டாவது இடத்தில் இருப்பீர்கள். அவர் ஒப்புக்கொள்ளும்வரை உங்களை விட்டுவிட நிறுவனத்துக்கு மனம் வராது. 'நீங்கள் இரண்டாவது' என்று சொல்லவும் தயங்குவார்கள். ஆகவே ஒன்றுமே சொல்ல மாட்டார்கள். எங்கள் குழுவில் இதை 'ஹோல்டில் வைப்பது' என்போம். ஹோல்டில் இருந்து, முதல் ஆள் வர மறுத்ததால் உள்ளே வந்த சிலர் அந்தக் குழுவிலேயே மிகத் திறமையானவர்களாக இருந்ததையும் பார்த்திருக்கிறேன்.

நான் வேலை தேடிய காலத்தில், ஒரு நிறுவனத்தின் இணையதளத்தில் என் விண்ணப்பத்துக்கு நேரே 'பரிசீலனையில் உள்ளது' என்று 78 நாள் இருந்தது. காலையில் பல் துலக்கும் முன்பே அதைத்தான் திறந்து பார்ப்பேன். 79ஆம் நாள் அது 'முடிந்தது' என்று மாறியது. மெயில் இல்லை, போன் இல்லை. என்னிடம் என்ன குறை என்று அன்றைக்கு முழுக்க யோசித்தேன். பிற்பாடு இந்தப் பக்கம் வந்தபோதுதான் அந்தச் சொல் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தது. மென்பொருளில் ஒரு காலியிடத்தை மூடினால், அதற்கு விண்ணப்பித்த எல்லோருடைய நிலையும் ஒரே நொடியில் மாறும்படி அமைத்து வைத்திருப்பார்கள். அன்றைக்கு என் பெயரை யாரும் பார்த்திருக்கக்கூடத் தேவையில்லை.

ஓர் ஆளை எடுக்க ஏன் இத்தனை நாள்?

வெளியிலிருந்து பார்த்தால், இரண்டு மாதமாக நம்மைப் பற்றித்தான் யோசிக்கிறார்கள் என்று தோன்றும். உள்ளே நடப்பது வேறு.

ஒருமுறை ஓர் இடத்துக்கு ஆள் எடுத்து முடிக்க எங்களுக்கு 68 நாள் பிடித்தது. முடிந்ததும் காலண்டரை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். தேர்வான பெண்ணின் ரெஸ்யூமேயைப் படித்தது, அவரோடு பேசியது, அவரைப் பற்றி எங்களுக்குள் விவாதித்தது எல்லாம் சேர்த்து ஏழு மணி நேரம்கூட வரவில்லை. மீதி எங்கே போனது? பேனலில் ஐந்து பேர். ஐந்து பேருக்கும் ஒரே மணி நேரம் ஒழிய இரண்டு வாரம். ஒருவர் வெளியூர் போனதில் இன்னொரு வாரம். இன்டர்வியூ முடிந்த கையோடு எழுதித் தர வேண்டிய கருத்தை ஒருவர் ஒன்பது நாள் கழித்துத் தந்தார். சம்பளத்துக்கு ஒப்புதல் வாங்க மூன்று மேசை. நடுவில் காலாண்டுக் கணக்கு முடிக்கிறோம் என்று புதிதாக ஆள் எடுப்பதையே சில நாள் நிறுத்தினார்கள்.

அந்தப் பெண்ணுக்கு இதில் எதுவுமே தெரியாது. வேலையில் சேர்ந்து சில மாதம் கழித்து, சாப்பாட்டு இடைவேளையில் என்னிடம் மெல்லக் கேட்டார்: "அக்கா, அந்த மூணாவது கேள்விக்கு நான் தப்பா பதில் சொன்னதாலதான் அவ்வளவு நாள் ஆச்சா?" அந்த மூன்றாவது கேள்வி எது என்றே எங்களில் யாருக்கும் நினைவில்லை. இரண்டு மாதம் அதைச் சுமந்துகொண்டு தூங்கியிருக்கிறார்.

இன்னொரு காரணமும் உண்டு. தப்பான ஆளை எடுத்துவிட்டால், யார் எடுத்தது என்று கேட்பார்கள். நல்ல ஆளைக் காக்க வைத்துக் கைநழுவ விட்டால் யாரும் யாரையும் கேட்பதில்லை. எனவே 'இன்னும் ஒருவர் பார்க்கட்டும்' என்று தள்ளிவைப்பதுதான் உள்ளே இருப்பவர்களுக்குப் பாதுகாப்பான வழி. அதற்கான விலையைக் காத்திருப்பவர் கொடுக்கிறார்.

என் ரெஸ்யூமேயை மனிதர் யாராவது படிக்கிறார்களா, மென்பொருளே தள்ளிவிடுகிறதா?

இரண்டும் நடக்கிறது. பெரிய நிறுவனங்களில் விண்ணப்பங்களைக் கையாள ஏ.டி.எஸ். என்ற மென்பொருள் இருக்கும். அதன் அடிப்படை வேலை, உங்கள் கோப்பைப் பிரித்து பெயர், படிப்பு, வேலை பார்த்த இடம், ஆண்டு என்று கட்டங்களில் போட்டு வைப்பது. ரெக்ரூட்டர் அந்தக் கட்டங்களில் சொல் போட்டுத் தேடுவார். தேடும்போது மேலே வருகிறவர்களை முதலில் திறப்பார். போதுமான ஆள் கிடைத்துவிட்டால் கீழே இருப்பதைத் திறக்காமலே விடுவதும் உண்டு. நூற்றுக்கணக்கில் விண்ணப்பம் குவியும்போது பலருடைய ரெஸ்யூமேக்கு நேர்வது இதுதான்: யாரும் வேண்டாமென்று சொல்லவில்லை, யாரும் படிக்கவுமில்லை.

மென்பொருள் தானாகவே தள்ளுவது பெரும்பாலும் படிவத்தில் வரும் ஆம், இல்லை கேள்விகளால். இந்த உரிமம் இருக்கிறதா, இங்கே வேலை செய்ய அனுமதி உண்டா, இத்தனை வருட அனுபவம் உண்டா என்று கேட்பார்களே, அவை. ராத்திரி விண்ணப்பித்து ஐந்தே நிமிடத்தில் 'வருந்துகிறோம்' என்று மெயில் வந்தால் அநேகமாக அதுதான் காரணம். அவசரத்தில் தப்பான கட்டத்தை அழுத்தினோமா என்று ஒருமுறை நினைத்துப் பாருங்கள்.

நம் கையில் இருப்பது கொஞ்சம்தான், ஆனால் செய்யலாம். பக்கத்தை நெடுவாக்கில் இரண்டாகப் பிரித்து எழுதுவது, அட்டவணை, படத்துக்குள் எழுத்து, பக்கத்தின் தலைப்பகுதியில் போன் நம்பர் ஆகியவற்றை இந்த மென்பொருள்கள் அடிக்கடி குழப்பிவிடும். ரெஸ்யூமே முழுவதையும் காப்பி செய்து, வெறும் நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். அங்கே வரிசை மாறாமல் படிக்க முடிந்தால் பெரும்பாலும் மென்பொருளும் படித்துவிடும். விளம்பரத்தில் ஒரு திறமைக்கு எந்தச் சொல்லைப் போட்டிருக்கிறார்களோ, அது உங்களிடம் இருந்தால் அதே சொல்லை எழுதுங்கள். வெள்ளை எழுத்தில் சொற்களை ஒளித்து வைக்கும் யோசனை வேண்டாம். கட்டங்களில் போடும்போது அது அப்படியே வெளியே தெரியும், நம்பிக்கை போய்விடும்.

ரெஸ்யூமேகளுக்கு மதிப்பெண் போட்டு வரிசைப்படுத்தும் செயற்கை நுண்ணறிவைப் பற்றி எனக்குக் கவலை உண்டு. அமேசான் நிறுவனம் 2014 முதல் அப்படி ஒரு கருவியை உருவாக்கிப் பார்த்தது. பத்து வருடமாகத் தனக்கு வந்திருந்த ரெஸ்யூமேகளைக் கொடுத்து அதைப் பழக்கினார்கள். அவற்றில் பெரும்பாலானவை ஆண்களுடையவை. அதனால் 'பெண்கள் சதுரங்கக் கழகத் தலைவர்' என்பதுபோல் 'பெண்கள்' என்ற சொல் வந்தாலே அந்தக் கருவி மதிப்பெண்ணைக் குறைத்தது. நிறுவனம் அதைக் கைவிட்டது. 2018 அக்டோபரில் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்ட பிறகுதான் வெளியே தெரிந்தது. பழைய பாரபட்சத்தைக் கற்றுக்கொண்ட இயந்திரம் அதையே வேகமாகச் செய்கிறது. நியூயார்க் நகரம் 2023 ஜூலை 5 முதல், இத்தகைய கருவியைப் பயன்படுத்தும் நிறுவனங்கள் பாரபட்சத் தணிக்கை செய்திருக்க வேண்டும், விண்ணப்பிக்கிறவருக்கு முன்கூட்டியே சொல்லவும் வேண்டும் என்ற சட்டத்தை நடைமுறைப்படுத்துகிறது. எல்லா ஊரிலும் வேண்டிய சட்டம் இது.

எதிரே ஆளே இல்லாமல், கேமராவைப் பார்த்துப் பதில் சொல்லச் சொல்கிறார்கள். எப்படிச் சமாளிப்பது?

ஒரு தங்கையிடம் கேட்டேன், எப்படி இருந்தது என்று. திரையில் கேள்வி வந்ததாம். பக்கத்தில் 30, 29, 28 என்று எண்கள் இறங்கினவாம். அப்புறம் ஒரு சிவப்புப் புள்ளி. புள்ளி எரிந்ததும் திரையில் தெரிந்தது அவளுடைய முகம் மட்டும். இரண்டு நிமிடம் தன் முகத்தையே பார்த்துக்கொண்டு, தன் பலம் என்ன என்று தனக்கே சொல்லியிருக்கிறாள். நடுவில் ஒரு சொல் தட்டியது. எதிரே ஆள் இருந்திருந்தால் ஒரு தலையசைப்பு போதும், மீண்டிருப்பாள். அங்கே தலையசைக்க யாரும் இல்லை. 'நன்றி, உங்கள் பதில் பதிவானது' என்று வந்து திரை அணைந்ததும் கட்டிலில் போய் உட்கார்ந்து அழுதாளாம். அவள் கெட்டிக்காரி, கூச்ச சுபாவமும் கிடையாது.

சில வழிகள் சொல்கிறேன். உங்கள் முகம் தெரியும் சின்னச் சதுரத்தின்மேல் ஒரு ஒட்டுக் காகிதத்தை ஒட்டிவிடுங்கள். கேமராவுக்குப் பின்னால் உங்களுக்குப் பிடித்த ஒருவரை நிற்க வையுங்கள். வீட்டில் ஆள் இல்லையென்றால் ஒரு புகைப்படம் போதும். அவருக்குச் சொல்வதுபோல் சொல்லுங்கள். பயிற்சிக் கேள்வி தருகிறார்களா என்று பாருங்கள், தந்தால் விடாதீர்கள். வேகமான இணையமோ தனி அறையோ இல்லையென்றால், நேரிலோ போனிலோ பேச முடியுமா என்று முன்பே கேட்கலாம். உடல்நிலை சார்ந்த தேவை இருந்தால் கட்டாயம் கேளுங்கள், பல நாடுகளில் அது உங்கள் உரிமை.

முகபாவத்தைக் கணக்கிட்டு மதிப்பெண் போடுவார்களோ என்ற பயம் பலருக்கு இருக்கிறது. ஒரு காலத்தில் அது இருந்தது. இப்படிக் கேமரா இன்டர்வியூ நடத்தும் மென்பொருள் நிறுவனங்களில் பெரிய பெயரான ஹையர்வியூ, முகத்தை ஆராயும் பகுதியை நீக்கிவிட்டதாக 2021 ஜனவரியில் அறிவித்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்கை நுண்ணறிவுச் சட்டம், பணியிடத்தில் உணர்ச்சியை ஊகிக்கும் கருவிகளை 2025 பிப்ரவரி 2 முதல் தடை செய்திருக்கிறது. மருத்துவம், பாதுகாப்பு ஆகியவற்றுக்கு மட்டும் விலக்கு.

ஐந்து, ஆறு ரவுண்டு உண்மையிலேயே தேவையா?

என் கருத்தில் தேவையில்லை. இதைச் சும்மா சொல்லவில்லை. கூகுள் தன் சொந்த இன்டர்வியூப் பதிவுகளை ஆராய்ந்தபோது, நான்கு பேர் பேசிவிட்டாலே எடுப்பதா வேண்டாமா என்பதை 86 சதவீத நம்பகத்தோடு சொல்லிவிட முடிகிறது என்றும், அதற்குமேல் சேர்க்கும் ஒவ்வொரு இன்டர்வியூவாலும் கிடைக்கும் பலன் மிகச் சொற்பம் என்றும் கண்டது. அப்புறம் நான்கோடு நிறுத்துவதை விதியாக்கியது.

எத்தனை பேர் கேட்டார்கள் என்பதைவிட எப்படிக் கேட்டார்கள் என்பதுதான் முக்கியம். எல்லோரிடமும் ஒரே கேள்விகள், பதிலுக்கு மதிப்பெண் போட முன்பே தீர்மானித்த அளவுகோல். இப்படி ஒழுங்கான இன்டர்வியூ, மனம் போன போக்கில் பேசுவதைவிட நன்றாக ஆளைக் கணிக்கிறது என்று ஷ்மிட், ஹன்டர் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 1998-இல் 85 வருட ஆய்வுகளைத் தொகுத்து எழுதினார்கள். 2022-இல் பால் சாக்கெட்டும் உடன் ஆய்வாளர்களும் அந்தக் கணக்குகளைத் திருத்திப் பார்த்தபோதும், முதல் வரிசையில் நின்றது அதுதான். ஆக, ஆறு பேர் தனித்தனியாக 'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்' என்று கேட்பதால் ஆறு மடங்கு தெளிவு வருவதில்லை.

முதல் ரவுண்டிலேயே நீங்கள் கேட்கலாம்: மொத்தம் எத்தனை ரவுண்டு, ஒவ்வொன்றிலும் என்ன பார்ப்பீர்கள், எப்போது முடியும்? இதைக் கேட்பதால் யாரும் உங்களைத் தப்பாக நினைக்க மாட்டார்கள். நான் நினைத்ததில்லை. பதிலே சொல்லத் தெரியாமல் விழித்தால், அந்த நிறுவனம் இன்னும் முடிவு செய்யவில்லை என்று உங்களுக்குப் புரிந்துவிடும்.

வீட்டில் செய்து அனுப்பச் சொல்லி ஒரு வேலை கொடுத்தார்கள். இரண்டு முழு நாள் ஆகும்போல் இருக்கிறது. செய்யலாமா?

இரண்டு, மூன்று மணி நேரம் என்றால் நியாயம். அதற்குமேல் என்றால் கூலி தருவீர்களா என்று கேளுங்கள். சில நிறுவனங்கள் தருகின்றன. கேட்பதில் தப்பே இல்லை. நிறுவனத்தின் உண்மையான சரக்கை, உண்மையான வாடிக்கையாளரை வைத்துத் திட்டம் போட்டுத் தரச் சொன்னால் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். அப்படி இருந்தால் முழுவதையும் செய்யாமல், எப்படி அணுகுவேன் என்று இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டு, 'மீதியை நேரில் விளக்குகிறேன்' என்று சொல்லுங்கள். என் தோழி ஒருத்தி 40 பக்கம் தயாரித்து அனுப்பினாள். பெற்றுக்கொண்டோம் என்றுகூட ஒரு வரி வரவில்லை. அவள் இன்றும் அந்தக் கோப்பை அழிக்காமல் வைத்திருக்கிறாள்.

எப்போது நினைவூட்டலாம்? தொந்தரவாக நினைத்துவிட்டால்?

அவர்கள் சொன்ன தேதி தாண்டி இரண்டு வேலை நாள். தேதியே சொல்லவில்லை என்றால் ஒரு வாரம். அப்புறம் பத்து நாள் கழித்து இன்னொரு முறை. அதோடு போதும். ரெக்ரூட்டர் பக்கம் இருந்து சொல்கிறேன்: சின்னதாக, மரியாதையாக எழுதிய மெயில் ஒருபோதும் யாருடைய வாய்ப்பையும் கெடுத்ததில்லை. பல முறை அது எங்களை அசைத்திருக்கிறது. பேனலில் ஒருவரிடம் போய், 'அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார், சீக்கிரம் எழுதிக் கொடுங்கள்' என்று சொல்ல எனக்கு ஒரு காரணம் கிடைக்கும்.

இப்படி எழுதினால் போதும்:

"வணக்கம். இந்த மாதம் 6ஆம் தேதி கணக்குப் பிரிவு வேலைக்கு உங்களோடு பேசினேன். முடிவு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று தெரிந்தால் உதவியாக இருக்கும். இன்னும் முடிவாகவில்லை என்றால், எப்போது தெரியும் என்று சொன்னாலும் போதும். இந்த வேலையில் எனக்கு ஆர்வம் அப்படியே இருக்கிறது. நன்றி."

'என்னவென்று புரியவில்லை', 'மிகவும் மன உளைச்சலாக இருக்கிறது' போன்றவை வேண்டாம். உண்மையாகவே இருந்தாலும், படிப்பவருக்குக் குற்ற உணர்ச்சி வந்தால் மெயிலை மூடி வைத்துவிடுவார். மனித இயல்பு அது.

இரண்டாவது மெயிலுக்கும் பதில் இல்லையென்றால், உங்கள் கணக்கில் அதை முடித்துவிடுங்கள். நான் ஒரு நோட்டில் ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் எதிரே 'இந்தத் தேதிக்குப் பிறகு நினைக்க மாட்டேன்' என்று ஒரு தேதி எழுதி வைப்பேன். அந்தத் தேதி வந்ததும் ஒரு கோடு. பின்னால் அவர்களே கூப்பிட்டால் சந்தோஷம். கோடு போட்ட நாளில் மனது லேசாகும்.

ஏன் எடுக்கவில்லை என்று காரணம் கேட்டால் சொல்ல மாட்டேன் என்கிறார்களே?

பாதி, சட்டப் பயம். எழுதிக் கொடுத்த ஒரு வரி பின்னால் பாரபட்ச வழக்கில் சான்றாகிவிடுமோ என்று நிறுவனத்தின் வழக்கறிஞர்கள் பயப்படுவார்கள். அதனால்தான் எல்லா மெயிலும் ஒரே வார்ப்பில் வருகிறது. மீதிப் பாதி, சொல்வதற்குக் காரணமே இல்லாதது. இருவர் சமமாக இருந்தார்கள், ஒருவரை எடுத்தோம், அவ்வளவுதான்.

'ஏன் எடுக்கவில்லை' என்று கேட்டால் அவர்கள் தற்காப்புக்குப் போய்விடுவார்கள். 'அடுத்த இன்டர்வியூவுக்கு நான் எதை வலுப்படுத்திக்கொள்ளலாம், ஒரு விஷயம் சொல்ல முடியுமா' என்று கேட்டுப் பாருங்கள். போனில் கேட்டால் இன்னும் நல்லது. என்னிடம் அப்படிக் கேட்டவர்களுக்கு நான் சொல்லாமல் இருந்ததில்லை.

பதில் சொல்லியே ஆக வேண்டும் என்று சட்டம் எங்காவது இருக்கிறதா?

இருக்கிறது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 2026 ஜனவரி 1 முதல், 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் பொதுவில் விளம்பரம் செய்த வேலைக்கு ஒருவரை இன்டர்வியூ செய்தால், கடைசி இன்டர்வியூவிலிருந்து 45 நாளுக்குள் முடிவாகிவிட்டதா இல்லையா என்று அவருக்குத் தெரிவிக்க வேண்டும். காலியிடம் உண்மையில் இருக்கிறதா, ஆட்களை வடிகட்ட செயற்கை நுண்ணறிவு பயன்படுகிறதா என்பதை விளம்பரத்திலேயே சொல்லவும் வேண்டும். 45 நாள் என்பது எனக்கு நீளமாகத்தான் படுகிறது. ஆனாலும் மௌனம் என்பது நிறுவனத்தின் உரிமை இல்லை என்று ஒரு சட்டம் சொல்லியிருப்பது பெரிய விஷயம்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 மே 25 முதல் நடைமுறையில் இருக்கும் ஜி.டி.பி.ஆர். என்ற தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டப்படி, உங்களைப் பற்றி நிறுவனம் வைத்திருக்கும் தகவல்களைக் கேட்டுப் பெறலாம். இன்டர்வியூவில் உங்களைப் பற்றி எழுதிய குறிப்புகளும் அதில் அடங்கும். முற்றிலும் இயந்திரம் மட்டுமே எடுத்த முடிவு என்றால், மனிதர் ஒருவர் அதைப் பார்க்க வேண்டும் என்று கேட்கவும் இடம் உண்டு.

மாதக்கணக்காக அதே விளம்பரம் திரும்பத் திரும்ப வருகிறது. அந்த வேலை உண்மையா?

சந்தேகப்படுவது சரி. இப்போதைக்கு ஆள் தேவையில்லாமலே, பின்னால் வேண்டியிருக்கும் என்று ரெஸ்யூமே சேர்க்கும் நிறுவனங்கள் உண்டு. உள்ளேயே ஒருவரைத் தீர்மானித்துவிட்டு, விதிக்காக விளம்பரம் போடுவதும் உண்டு. நிறுவனத்தின் சொந்த இணையதளத்தில் அந்த வேலை இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே இல்லையென்றால் மாலை முழுவதையும் அந்தப் படிவத்துக்குச் செலவிட வேண்டாம்.

பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம் என்று பணம் கேட்கிறார்கள்.

கொடுக்காதீர்கள். வேலை கொடுக்கிறவர் பணம் கேட்டால் அங்கே வேலை இல்லை.

காத்திருக்கும் நாட்கள்தான் கொல்கின்றன. என்ன செய்வது?

இதற்கு நேரம் எடுத்துப் பதில் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் என்னை அதிகம் வாட்டியது இதுதான்.

கேட் ஸ்வீனி என்ற உளவியல் பேராசிரியர், முடிவு தெரியாமல் காத்திருப்பதைப் பற்றியே பல வருடமாக ஆராய்கிறார். கலிஃபோர்னியாவில் வழக்கறிஞர் தேர்வு எழுதியவர்கள் முடிவுக்காக ஏறத்தாழ நான்கு மாதம் காத்திருப்பார்கள். அவர்களை அந்தக் காலம் முழுவதும் அவர் குழு பின்தொடர்ந்தது. 2016-இல் வெளியான ஆய்வில், கவலையை அடக்கப் பார்த்தவர்களுக்கு அந்த முயற்சி பலன் தரவில்லை என்று தெரிந்தது. அமைதியாக இருக்கப் பாடுபட்டும் அமைதி வரவில்லை. அதைவிட எனக்குப் பிடித்த கண்டுபிடிப்பு ஒன்று உண்டு: கவலையோடு, மோசமானதை எதிர்பார்த்துக் காத்திருந்தவர்கள், தோல்வி வந்தபோது சீக்கிரம் அடுத்ததைப் பற்றி யோசித்தார்கள், வெற்றி வந்தபோது அதிகமாக மகிழ்ந்தார்கள். ஆகவே, 'ஏன் இப்படிக் கவலைப்படுகிறேன்' என்று உங்களையே நொந்துகொள்ள வேண்டாம். நீங்கள் காத்திருப்பதில் ஒன்றும் தப்பு இல்லை.

அதே குழு பிற்பாடு பலன் தந்த ஒன்றையும் கண்டது. நேரம் போவதே தெரியாமல் ஆழ்ந்துபோகும் வேலைகள். கொஞ்சம் கடினமாக, ஆனால் நம்மால் முடிகிறதாக இருக்க வேண்டும். எனக்கு அது தையல். பழைய சட்டைகளைப் பிரித்து அளவு குறைத்துத் தைப்பேன். ஊசியில் நூல் கோக்கும் அந்த இரண்டு நொடியில் மனதில் எந்த நிறுவனமும் இருக்காது. உங்களுக்குச் சதுரங்கமோ, தோட்டமோ, கணக்குப் புதிரோ எதுவாகவும் இருக்கலாம். போனைத் தள்ளிக்கொண்டே போவது மட்டும் இதில் சேராது.

இன்னொன்று, மெயில் பார்ப்பதற்கு ஒரு நாளைக்கு இரண்டு நேரம் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் இருப்பவர்கள் 'என்ன ஆச்சு' என்று கேட்பது அக்கறையில்தான். ஆனால் ஒவ்வொரு முறையும் 'இன்னும் வரல' என்று சொல்வது உங்களை அரிக்கும். 'வந்தால் அந்த நிமிடமே நானே சொல்கிறேன்' என்று ஒரே ஒரு முறை உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

வேறு இடத்தில் ஆஃபர் வந்துவிட்டது. எனக்குப் பிடித்த இடத்திலிருந்து இன்னும் பதில் இல்லை.

உடனே அவர்களுக்குத் தேதியோடு எழுதுங்கள்: 'எனக்கு ஓர் ஆஃபர் வந்திருக்கிறது, வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும், உங்கள் முடிவு அதற்குள் தெரியுமா?' இரண்டு மாதம் ஆகும் என்று சொன்ன வேலை இரண்டு நாளில் முடிந்ததை நான் பார்த்திருக்கிறேன். இல்லாத ஆஃபரை இருப்பதாக மட்டும் சொல்லாதீர்கள். வெள்ளிக்கிழமை வந்தும் பதில் இல்லையென்றால், கையில் இருப்பதை எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் ஆள் எடுக்கும் இடத்தில்தான் இருக்கிறேன். நூற்றுக்கணக்கானவர்களுக்குப் பதில் சொல்ல நேரம் எங்கே இருக்கிறது?

இதைக் கேட்டதற்கே உங்களுக்கு நன்றி. ரெஸ்யூமே மட்டும் அனுப்பியவர்களுக்கு, காலியிடத்தை மூடும் நாளில் ஒரு பொது மெயில் போதும். மென்பொருளே அனுப்பும், நீங்கள் அந்த அமைப்பை இயக்கி வைக்க வேண்டும், அவ்வளவுதான். உங்களோடு உட்கார்ந்து பேசியவர்கள் என்று பார்த்தால் ஒரு காலியிடத்துக்கு எட்டு, பத்து பேர்தான் இருப்பார்கள். அவர்களுக்குப் பெயர் போட்டு இரண்டு வரி எழுத மொத்தம் அரை மணி நேரம். இன்னும் முடிவாகவில்லை என்றாலும் 'இன்னும் முடிவாகவில்லை, அடுத்த வெள்ளிக்கிழமை எழுதுகிறேன்' என்று சொல்லலாம். அந்த வெள்ளிக்கிழமை மறக்காமல் எழுதுங்கள்.

ஸ்டீஃபன் கில்லிலண்ட் என்ற ஆய்வாளர், ஆள் தேர்வு நியாயமாக நடந்தது என்று விண்ணப்பிக்கிறவர் உணர என்னென்ன வேண்டும் என்று 1993-இல் பத்து விதிகளை வகுத்தார். காலத்தோடு பதில், உண்மையான தகவல், மரியாதையான பேச்சு, திறமையைக் காட்ட ஒரு வாய்ப்பு ஆகியவை அவற்றில் உண்டு. 'வேலை கிடைக்க வேண்டும்' என்பது அந்தப் பத்தில் ஒன்று இல்லை. வேண்டாம் என்று சொன்ன பிறகும் ஒருவர் நம்மை நியாயமானவர்கள் என்று நினைக்க முடியும்.

மேலே இருப்பவர்களுக்குப் பணக் கணக்குதான் புரியும் என்றால், பிரிட்டனில் இணையம், டிவி இணைப்பு தரும் விர்ஜின் மீடியாவைச் சொல்லுங்கள். தாங்கள் நிராகரித்தவர்களில் பலர் தங்கள் வாடிக்கையாளர்களே என்றும், நடத்தப்பட்ட விதத்தில் கசந்துபோய் அவர்கள் இணைப்பைத் துண்டித்ததால் ஆண்டுக்கு 44 லட்சம் பவுண்டு போகிறது என்றும் அந்த நிறுவனம் கணக்கிட்டது.

ஒருமுறை நிராகரித்த இடத்தில் மறுபடி விண்ணப்பிக்கலாமா?

தாராளமாக. ஆறு மாதம், ஒரு வருடம் இடைவெளி விடுங்கள். சில நிறுவனங்கள் அந்தக் காலத்தை எழுதியே வைத்திருக்கும். இடையில் புதிதாக என்ன கற்றீர்கள் என்று முதல் பத்தியிலேயே சொல்லுங்கள்.

எனக்குக் கடைசியில் வேலை கிடைத்தது அப்படித்தான். முதல் முறை அங்கே என்னை எடுக்கவில்லை. ஆனால் நேர்காணல் செய்த அம்மா நான்காம் நாளே போன் செய்து, "உங்களை எடுக்க முடியலைம்மா. எக்செல் மட்டும் கொஞ்சம் பலமா இருந்திருக்கணும். மத்ததெல்லாம் நல்லா இருந்துச்சு" என்றார். ஒரு நிமிடம்கூட இருக்காது அந்தப் பேச்சு. போனை வைத்துவிட்டு நான் செய்த முதல் வேலை, எக்செல் வகுப்பு எங்கே நடக்கிறது என்று தேடியது. எட்டு மாதம் கழித்து அவருக்கே எழுதினேன்.